குற்றாலத்து உரையாடலும் பொதுவாசகர் நூலும்: ரசிகமணி டி.கே.சி. வட்டத்தின் புனைவல்லாத உரைநடை

ஆய்வுச் சுருக்கம்

அறியும் வேட்கையோடு நூலைக் கையிலெடுக்கும் பொதுவாசகருக்கென எழுதப்பட்ட தமிழ் உரைநடை நூல்கள், இலக்கிய வரலாற்றில் உரிய இடம் பெறவில்லை. புனைகதை வரலாறு அவற்றைத் தன் எல்லைக்குப் புறம்பானவையாகக் கொள்கிறது. ஆய்வுலகமோ அவற்றை ஆய்வாக ஏற்பதில்லை. தென்காசியைப் பூர்வீகமாகக் கொண்டு, வாழ்வின் பிற்பகுதியைக் குற்றாலத்தில் கழித்த ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியாரையும் அவரோடு பழகியோரையும் மையமாகக் கொண்டு, இவ்வகை நூல்களின் உருவாக்கத்தை இக்கட்டுரை ஆராய்கிறது. உரையாடலிலிருந்து பிறந்தமையே இந்நூல்களின் வலிமை என்பதும், சான்று காட்டாமை என்னும் குறையும் அதே பிறப்பிலிருந்து வந்தது என்பதும் இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: புனைவல்லாத உரைநடை, பொதுவாசகர், டி.கே.சி., வட்டத்தொட்டி, பாடத் தேர்வு, மறுபதிப்பு.

முன்னுரை

புனைவல்லாத நூல்களுக்குத் தமிழில் வாசகர் பெருகியது அண்மைக்கால நிகழ்வு என்னும் கருத்து பரவலாக உள்ளது. புத்தகக் கண்காட்சிகளில் வரலாறு, சூழலியல், பயணம், அறிவியல், வாழ்க்கை வரலாறு ஆகிய துறை நூல்கள் குவிந்து கிடப்பதைக் காண்போர் அவ்வாறு எண்ணுவது இயல்பே. ஆயின் சாகித்திய அகாதெமி தமிழுக்கு வழங்கிய தொடக்ககால விருதுகளை நோக்கினால் வேறொரு காட்சி புலப்படும். 1955 முதல் 1967 வரை விருது பெற்ற தமிழ் நூல்கள் ஒன்பது. அவற்றுள் புதினங்கள் மூன்றே: 'அலை ஓசை' (1956), 'அகல் விளக்கு' (1961), 'வேங்கையின் மைந்தன்' (1963). எஞ்சிய ஆறும் கட்டுரை, காப்பிய உரைநடை, பயணம், வாழ்க்கை வரலாறு, திறனாய்வு என விரிந்தவை. ரா.பி. சேதுப்பிள்ளையின் 'தமிழின்பம்' (1955), இராஜாஜியின் 'சக்கரவர்த்தித் திருமகன்' (1958), மீ.ப. சோமுவின் 'அக்கரைச் சீமையிலே' (1962), பி.ஸ்ரீ.யின் 'ஸ்ரீ இராமானுஜர்' (1965), ம.பொ.சி.யின் 'வள்ளலார் கண்ட ஒருமைப்பாடு' (1966), கி.வா. ஜகந்நாதனின் 'வீரர் உலகம்' (1967) என்பன அவை. 'சக்கரவர்த்தித் திருமகன்' காப்பியக் கதையை மீளச் சொல்வதாகலின் அதனை இப்பகுப்பில் சேர்ப்பது விவாதத்துக்குரியது. அதனை நீக்கினும் பெரும்பான்மை மாறுவதில்லை.

இவ்வறுவருள் சேதுப்பிள்ளை, சோமு, பி.ஸ்ரீ. ஆகிய மூவர் நெல்லைச் சீமையினர். இராஜாஜியும் சோமுவும் டி.கே.சி.யோடு நெருங்கிப் பழகியவர்கள். விருது என்பது தரத்தின் இறுதி அளவுகோல் ஆகாது. குழுச் சார்புகளும் அதில் கலந்திருக்கக்கூடும். எனினும் அக்காலத்தில் மதிப்புக்குரிய தமிழ் உரைநடை எதுவென்று அறிஞர் உலகம் கருதியது என்பதற்கு இப்பட்டியல் சான்றாகும். அம்மதிப்பு பின்னாளில் புனைகதையின் பக்கம் சாய்ந்தபோது, புனைவல்லாத உரைநடைக்கு ஒரு வரலாறு எழுதும் பணி கைவிடப்பட்டது. அவ்வரலாற்றில் எழுதப்பட வேண்டிய இயல்களுள் ஒன்று குற்றாலத்துக்கு உரியது.

தென்காசிச் சீமையும் நூல் வேட்கையும்

குற்றால மலையின் தாவர வளம் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே ஐரோப்பியத் தாவரவியலாளரின் கவனத்தை ஈர்த்தது. இராபர்ட் வைட் இம்மலையில் செடிகொடிகளைத் திரட்டி ஆய்ந்தார். அவர் வெளியிட்ட தென்னிந்தியத் தாவரப் படத்தொகுதிகளுக்கு ரங்கையா, கோவிந்து என்னும் இந்திய ஓவியர்கள் படம் வரைந்தனர். மலையின் அடிவாரத்திலேயே வாழ்ந்த தமிழ் வாசகருக்கோ அம்மலையைப் பற்றிக் கிடைத்தவை தேவாரப் பதிகங்களும் தலபுராணமும் குறவஞ்சியும்தாம். இலக்கியத்தில் மலை நிறைந்திருந்தது. அதே மலையைப் பற்றிய உலகியல் அறிவு ஆங்கிலத்தில் இருந்தது. இவ்விடைவெளியை நிரப்பும் உரைநடை தமிழில் உருவாக நெடுங்காலம் ஆயிற்று.

மலிவான நூல்கள் பெருந்தொகையினரைச் சென்றடைய வேண்டும் என்னும் கனவும் இவ்வட்டாரத்தில் ஒருமுறை வடிவம் கொண்டது. தென்காசிக்குத் தெற்கே உள்ள கடையம், பாரதியின் மனைவி செல்லம்மாளின் ஊர். புதுவையை விட்டு நீங்கிய பாரதி 1918 இறுதி முதல் 1920 வரை அங்கு வாழ்ந்தார். தம் எழுத்துகளை 40 நூல்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் முதற்பதிப்பாக 10,000 படிகள் அச்சிடும் திட்டத்தை 1920இல் அங்கிருந்து சுற்றறிக்கையாக அனுப்பினார். பொருளுதவி கிட்டாமையால் அது நிறைவேறவில்லை. கவிதையோடு கட்டுரையும் கதையும் அத்திட்டத்தில் அடங்கும் என்பதும், படிகளின் எண்ணிக்கை அக்காலப் பதிப்புலகுக்கு மிகப் பெரிது என்பதும் நோக்கத்தக்கன.

டி.கே.சி. (1882–1954) தென்காசிக் குடும்பத்தில் தோன்றியவர், சட்டம் பயின்றவர், சென்னை மாகாணச் சட்டமன்ற மேலவையில் உறுப்பினராகவும் பின்னர் இந்து அறநிலைய ஆணையராகவும் இருந்தவர். திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் அவர் இல்லத்தின் வட்டவடிவத் தொட்டிக்கட்டில் நண்பர்கள் கூடிக் கவிதை பேசினர். 'வட்டத்தொட்டி' என்னும் பெயர் அக்கட்டட அமைப்பிலிருந்து வந்தது. பிற்காலத்தில் அவர் குற்றாலத்தில் குடியமர்ந்தபின் கூட்டமும் அங்கே இடம்பெயர்ந்தது. சாரல் காலத்தில் அருவிக்கு வருவோரில் ஒரு சாரார் டி.கே.சி.யின் வீட்டுக்காகவே வந்தனர். இராஜாஜி, கல்கி, பாஸ்கரத் தொண்டைமான், மீ.ப. சோமு, பின்னாளில் உயர்நீதிமன்ற நீதிபதியான எஸ். மகராஜன், இடைசெவலிலிருந்து கு. அழகிரிசாமி, கி. ராஜநாராயணன் என அங்கு வந்துசென்றோரின் துறைகள் பலவாகும். இவர்களுள் தமிழ்ப் பேராசிரியர் எவரும் இல்லை. ஆட்சியர், நீதிபதி, இதழாசிரியர், வானொலியாளர், விவசாயி ஆகியோரின் அவையாக அது இருந்தமை, அங்கிருந்து பிறந்த உரைநடையின் இயல்பை நிர்ணயித்தது எனலாம்.

பேச்சிலிருந்து ஏட்டுக்கு

'இதய ஒலி', 'கம்பர் யார்?', 'அற்புத ரஸம்', 'கம்பர் தரும் ராமாயணம்' ஆகிய டி.கே.சி.யின் நூல்களில் பொதுவான ஓர் அமைப்பைக் காணலாம். பாடல் முதலில் வருவதில்லை. அன்றாட வாழ்விலிருந்து ஒரு நிகழ்ச்சி, அதையொட்டி எழும் ஓர் ஐயம், கதைச்சூழல் பற்றிய சிறு விளக்கம் ஆகியவை முன்செல்ல, வாசகர் மனம் பக்குவப்பட்ட பின்னரே பாடல் அறிமுகமாகிறது. அதனைத் தொடர்ந்து பதவுரை வருவதில்லை. பாடலில் எந்தச் சொல்லில் உணர்ச்சி தங்கியிருக்கிறது என்று சுட்டும் சில வாக்கியங்களே வருகின்றன. கேட்போர் முகத்தைப் பார்த்துக்கொண்டே பேசுபவர் எவ்விடத்தில் நிறுத்துவாரோ அவ்விடத்தில் பத்தி முடிகிறது. எதிரே இருப்பவர் கேட்கக்கூடிய மறுப்பை முன்கூட்டியே எழுப்பி விடையளிப்பதும் இவ்வுரைநடையின் இயல்பு.

இவ்வமைப்பு இரு வாயில்களின் வழி ஏட்டில் ஏறியது. ஒன்று கடிதம். டி.கே.சி. நண்பர்களுக்கு எழுதிய கடிதங்கள் பிற்காலத்தில் நூலாகத் தொகுக்கப்பட்டன. அவற்றில் பலவும் தனித்த கட்டுரைகளாகவே படிக்கத்தக்கவை. மற்றொன்று வார இதழ். 1941இல் கல்கியும் சதாசிவமும் தொடங்கிய 'கல்கி' இதழ், கம்பன் பாடலை இரயில் பயணியின் கைக்குக் கொண்டு சேர்த்தது. வார இதழின் பக்க அளவு கட்டுரையின் நீளத்தைக் கட்டுப்படுத்தியது. அடுத்த வாரமும் வாசகரை வரவழைக்க வேண்டியிருந்தமை அதன் தொனியைக் கட்டுப்படுத்தியது. தொடராக வந்த எழுத்து பின்னர் நூலாகும்போது அதே கட்டுகளோடே வந்தது என்பதை இந்நூல்களை மதிப்பிடுவோர் மறத்தலாகாது.

இவ்வுரைநடையின் உறவுமுறை அக்கால நூற்பெயர்களிலேயே வெளிப்படுகிறது. வேதியியலை எளிய தமிழில் விளக்கிய தம் நூலுக்கு இராஜாஜி 'திண்ணை ரசாயனம்' என்று பெயரிட்டார். ஒரு தலைமுறைக்குப் பின் கி. ராஜநாராயணன் தம் மண்ணின் மக்களையும் வழக்காறுகளையும் பற்றி எழுதிய கட்டுரைத் தொடர் 'கரிசல் காட்டுக் கடுதாசி' ஆயிற்று. ஒன்று பேசும் இடத்தையும் மற்றொன்று எழுதும் முறையையும் பெயராகக் கொண்டன. வகுப்பறை இரண்டிலும் இல்லை.

பாடத்தில் கைவைத்தல்

இங்கு இச்சிக்கலின் மையத்துக்கு வரவேண்டியுள்ளது. கம்பராமாயணத்தில் இடைச்செருகல் மிகுதி என்பது டி.கே.சி.யின் உறுதியான நிலைப்பாடு. அதில் புதுமை ஏதும் இல்லை. கம்பனைப் பதிப்பித்தோர் பலரும் மிகைப்பாடல்களைத் தனியே பிரித்துள்ளனர். வேறுபாடு அளவுகோலில் உள்ளது. சுவடிகளின் ஒப்பீட்டைக் கொண்டு பாடலை ஏற்பதும் விலக்குவதும் ஒரு முறை. பாடலின் உணர்ச்சி ஓட்டத்தையும் ஓசையையும் கொண்டு முடிவு செய்தல் டி.கே.சி.யின் முறை. அம்முறையில் அவர் பாடல்களை விலக்கியதோடு அமையாது, கவிக்கு ஒவ்வாதன எனத் தமக்குத் தோன்றிய சொற்களை மாற்றியும் அமைத்தார். அவ்வாறு மாற்றிய இடங்கள் பெரும்பாலும் குறிக்கப்படுவதில்லை. எச்சுவடியில் எப்பாடம் உள்ளது என்ற தகவலும் தரப்படுவதில்லை. அவர் பதிப்பித்த முத்தொள்ளாயிரத்துக்கும் இது பொருந்தும்.

இதே நெல்லைச் சீமையில், இதே தலைமுறையில், சட்டமே பயின்ற மற்றொருவர் நேர் எதிரான வழியில் சென்றார். எஸ். வையாபுரிப்பிள்ளை (1891–1956) 1926 முதல் 1936 வரை சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியராக இருந்தவர். முத்தொள்ளாயிரப் பாடல்கள் பலவற்றைக் காத்துத் தந்த புறத்திரட்டைச் சுவடிகளின் துணைகொண்டு பதிப்பித்தவர். சட்டக் கல்வியில் ஆவணம், தீர்ப்பு என இரண்டும் உண்டு. ஒருவர் ஆவணத்தைக் கைக்கொண்டார். மற்றவர் தீர்ப்பைக் கைக்கொண்டார் என்று கூறின் மிகையாகாது.

டி.கே.சி.யின் செயலை அறியாமையின் விளைவு என்று தள்ளுவது எளிது, அது நியாயமன்று. பல்லாயிரம் பாடல்கள் கொண்ட காப்பியத்தை, அதன் பருமனைக் கண்டே அஞ்சி நின்ற வாசகரிடம் கொண்டுசெல்ல ஒருவர் முனைகிறார். அவர் தேர்வு செய்யாமல் இயலாது. 1939இல் சா. கணேசன் காரைக்குடியில் கம்பன் கழகத்தைத் தொடங்கியபோது அதன் முதல் விழாவுக்குத் தலைமை ஏற்றவர் டி.கே.சி. கம்பனைப் பொதுமேடைக்கு உரியவனாக்கிய அவ்வியக்கத்தின் பயனை, சுவடி ஒப்பீட்டில் வல்ல எப்பதிப்பும் தனித்துத் தந்திருக்க முடியாது. எஸ். மகராஜன் சாகித்திய அகாதெமியின் இந்திய இலக்கியச் சிற்பிகள் வரிசைக்கு ஆங்கிலத்தில் எழுதிய 'கம்பன்' என்னும் சிறுநூலும், 'ஹாம்லெத்' முதலாகத் தமிழாக்கிய ஷேக்ஸ்பியர் நாடகங்களும் அச்சபையில் பெற்ற சுவைப்பயிற்சியின் தொடர்ச்சி எனத் தகும்.

தேர்வு செய்தல் ஒன்று. தேர்வு செய்ததை வாசகரிடம் மறைத்தல் வேறொன்று. குற்றாலத்து வீட்டில் டி.கே.சி. ஒரு சொல்லை மாற்றிப் பாடியபோது, கேட்டவர் உடனே வினவலாம்; அவர் காரணம் கூறுவார்; கேட்டவர் ஏற்கலாம், மறுக்கலாம். அச்சில் அவ்வாய்ப்பு இல்லை. பேச்சுக்குரிய சுதந்திரம் அதன் மறுமொழியோடு சேர்ந்தது. ஏட்டில் ஏறியபோது சுதந்திரம் மட்டும் வந்தது. மறுமொழி குற்றாலத்திலேயே தங்கிவிட்டது. இதன் விளைவு இன்றும் தொடர்கிறது. ரசிகமணியின் நூலில் கண்ட வடிவத்தையே கம்பன் வாக்காக ஓர் ஆய்வேட்டில் எடுத்தாளும் மாணவர், தாம் அறியாமலே டி.கே.சி.யின் சொல்லைக் கம்பனுக்கு ஏற்றிவிடக்கூடும். சொல்லாட்சி, யாப்பு, கணினிவழிச் சொல்லடைவு ஆகியவற்றில் இப்பிழை சிறிதன்று.

தொண்டைமானின் கோயில் நூல்கள்

அதே அவையில் பயின்ற தொ.மு. பாஸ்கரத் தொண்டைமான் (1904–1965) வேறொரு தீர்வைக் கண்டார். ஆட்சிப்பணியில் ஊர் ஊராகச் சென்ற அவர், தஞ்சையில் பணியாற்றியபோது கேட்பாரற்றுக் கிடந்த சிற்பங்களைத் திரட்டிக் கலைக்கூடம் அமைக்கக் காரணமானார். 'கல்கி'யில் தொடராக வந்து நூல்வரிசையான 'வேங்கடம் முதல் குமரி வரை' தமிழ் வாசகருக்குக் கோயிற்கலையை அறிமுகப்படுத்திய பெருமுயற்சி. அதன் நெல்லைப் பகுதி 'பொருநைத் துறையிலே' என்னும் பெயருடையது. உரையாடல் தொனி, பாடலுக்கு முன் கதை, நகைச்சுவை என டி.கே.சி.யின் முத்திரைகள் அனைத்தும் இவரிடம் உண்டு. வேறுபாடு பொருளில் இருக்கிறது. கோயிலும் சிற்பமும் கண்முன் நிற்பவை; நூலாசிரியர் கூறுவதை வாசகர் நேரில் சென்று சரிபார்க்கலாம். குற்றாலத்துச் சித்திரசபையின் சுவரோவியங்களைப் பற்றி ஒருவர் எழுதினால், அச்சபையே அவருக்குச் சான்று. அடிக்குறிப்பு இல்லாத குறையை இடமே ஈடுசெய்கிறது.

ஆயினும் இடமும் மாறும். 15ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எடுப்பித்த தென்காசி விசுவநாதர் கோயிலின் கோபுரம், சிதைந்து பிளவுண்ட நிலையில் நெடுங்காலம் நின்றது. இன்று காணப்படும் ஒன்பது நிலை இராசகோபுரம் 1990இல் குடமுழுக்குக் கண்டது. தொண்டைமான் எழுதிய காலத்துத் தென்காசியின் வானில் இக்கோபுரம் இல்லை. அவர் காலத்து நூல் எதுவாயினும், எழுதிய ஆண்டு சுட்டப்படாமல் இன்று மறுபதிப்பானால், நேரில் பார்த்துச் சரிபார்க்கும் வாசகர் நூலையே பிழையெனக் கருத நேரும். ஓர் அறிவு நூலுக்கு எழுதிய ஆண்டு என்பது அலங்காரத் தகவல் அன்று.

கலைச்சொல்லும் திண்ணையும்

அறிவியலில் சிக்கல் வேறு. 'தாவரங்களின் இல்லறம்' எழுதிய இராஜாஜிக்கு, மகரந்தச் சேர்க்கையை இல்லற வாழ்வாகக் காட்டும் உருவகம் கைகொடுத்தது. உருவகம் வாசகரை வாயில்வரை அழைத்துவரும்; அதற்கு மேல் கலைச்சொல் வேண்டும். அக்கலைச்சொற்களைத் தமிழில் ஆக்க இயலுமா என்னும் வினாவையே 'தமிழில் முடியுமா?' என்று அவர் நூற்பெயராக்கினார். நெல்லைச் சீமையின் கீழ்ப்பகுதியில், பெருங்குளத்தில் பிறந்த பெ.நா. அப்புஸ்வாமி (1891–1986) இதில் மேலும் பொறுமையான வழியை மேற்கொண்டார். 1917இல் 'தமிழர் நேசன்' இதழில் முதல் அறிவியல் கட்டுரையை வெளியிட்ட இவ்வழக்கறிஞர், ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் அறிவியலைத் தமிழில் எழுதினார். ஒரு கருத்தை முதலில் வழக்குச் சொல்லால் விளக்கி, விளங்கிய பின் அதற்குரிய கலைச்சொல்லை அறிமுகப்படுத்தி, பின் அச்சொல்லையே மாறாமல் ஆளுதல் அவர் முறை. பழந்தமிழ்ப் பாடல்களை ஆங்கிலத்தில் பெயர்த்த புலமை அவருக்கு உண்டு; அப்புலமை அறிவியல் நடையில் குறுக்கிடவில்லை. குற்றால வட்டத்தின் உரைநடைக்கு இல்லாத ஒழுங்கு இவரிடம் உண்டு. அவ்வட்டத்தின் இனிமை இவரிடம் சற்றுக் குறைவு என்பதையும் கூறத்தான் வேண்டும்.

மறுபதிப்பில் எழும் கடமை

இந்நூல்கள் மீண்டும் மீண்டும் அச்சாகின்றன, மின்வடிவிலும் கிடைக்கின்றன. அவற்றுள் பல, முதற்பதிப்பின் ஆண்டும் முன்னுரையும் இன்றி, இதழில் தொடராக வந்த செய்தியும் இன்றி, நேற்று எழுதப்பட்டவை போல வாசகரை அடைகின்றன. பொதுவாசகர் நூல் என்பதால் ஆய்வுக்குறிப்பு வேண்டா என்னும் எண்ணம் பதிப்பாளரிடம் உள்ளது; பொதுவாசகர் நூல் என்பதால் உழைப்புக்குரியதன்று என்னும் எண்ணம் தமிழ்த்துறைகளிடம் உள்ளது. இரண்டும் ஒரே இடத்தில் வந்து முடிகின்றன.

'கம்பர் தரும் ராமாயண'த்துக்குச் செய்ய வேண்டிய பணி தெளிவானது. அதில் உள்ள ஒவ்வொரு பாடலையும் சுவடி ஒப்பீட்டோடு வந்த பதிப்பு ஒன்றோடு பொருத்தி, மாறிய சொற்களைப் பின்னிணைப்பாகத் தருதல் வேண்டும். டி.கே.சி.யின் வாக்கியம் ஒன்றைக்கூட இதன்பொருட்டுத் தொட வேண்டியதில்லை. அப்பட்டியல் உருவானால், அவர் எவ்வகைச் சொற்களை விலக்கினார், எவ்வகை ஓசையை விரும்பினார் என்பது முதன்முறையாகக் கணக்கில் வரும். அவருடைய சுவைக்கொள்கையை அவரது மேடைப்புகழிலிருந்து பிரித்து ஆராய அது வழிவகுக்கும். கடிதங்களுக்குப் பெயரடைவும் நாளடைவும் வேண்டும். தொண்டைமானின் வரிசைக்குக் கட்டுரை ஒவ்வொன்றும் இதழில் வெளிவந்த நாளும், அதன்பின் கோயிலில் நிகழ்ந்த திருப்பணியும் குறிக்கப்பட வேண்டும். முதுகலை மாணவர் ஒருவர் ஓராண்டில் முடிக்கக்கூடிய அளவினது இவற்றுள் ஒவ்வொன்றும். தென்காசி மாவட்டக் கல்லூரிகளின் மாணவருக்கோ சரிபார்க்க வேண்டிய இடங்களில் பல பேருந்துப் பயணத் தொலைவிலேயே உள்ளன.